நோயாளி போடும் மார்க்

மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் வாங்கும் கருத்துப் படிவங்களைப் படிக்கும் கமிட்டியில் பல வருடம் இருந்தவள் நான் என்று போன இதழில் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. நோயாளிகள் எழுதியிருக்கிறார்கள், அவர்களைவிட அதிகமாக டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்க இதுதான். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டதால் மீதிப் பேர் பெயரையும் போடவில்லை.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பும்போது பில் கவுன்டரிலேயே படிவத்தை நீட்டி, "எல்லாத்துக்கும் எக்ஸலன்ட்னு டிக் பண்ணிடுங்க சார்" என்கிறார்கள். அடுத்த மாதம் அதே டாக்டரிடம்தான் போயாக வேண்டும். உண்மையை எழுத முடியுமா? – இதய நோயாளி ஒருவர்

பதில்: முடியாது. அப்படி வாங்கிய படிவங்கள் அலமாரியை நிரப்பும், வேறெதற்கும் உதவாது. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம், ஊழியர் எதிரிலேயே நின்றுகொண்டு அபிப்பிராயம் கேட்டால் மரியாதை வரும், அபிப்பிராயம் வராது.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் 2006 முதல் நடத்தும் 'எச்-கேப்ஸ்' என்ற நோயாளி கருத்துக் கணக்கெடுப்பில் இதற்கென்றே விதிகள் இருக்கின்றன. நோயாளி வீட்டுக்குப் போய் 48 மணி நேரமாவது ஆன பிறகுதான் அவரைத் தொடர்புகொள்ள வேண்டும். யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல் மாதிரிதான் எடுக்க வேண்டும். சிரித்த முகமாகப் பார்த்து மருத்துவமனை பொறுக்கக் கூடாது. நல்ல மார்க் போடச் சொல்லி ஊழியர் ஜாடை காட்டுவதற்கும் தடை. 2008 முதல் முடிவுகளை மருத்துவமனை வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது, "வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொள்வது. பெயர் எழுதுவது கட்டாயமா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தால் எந்தப் பக்கம் நல்லது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் 1. கீழே கருத்துப் பகுதியில், "டாக்டர் தெய்வம் மாதிரி, நர்ஸுங்க எல்லாம் தங்கம்". மனிதர் எல்லோருக்கும் முதல் ரேங்க் கொடுத்திருக்கிறார்! கம்ப்யூட்டருக்கு அது எங்கே புரியும்? அந்த டாக்டரின் சராசரி அந்த மாதம் இறங்கியதுதான் மிச்சம்.

கேள்வி: டாக்டர் அம்மா, பயிற்சி முடித்துப் புறநோயாளிப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று நாள் சளி, இருமலோடு ஒருவர் வந்தார்; வைரஸ்தான். ஆன்டிபயாடிக் கேட்டார், தேவையில்லை என்றேன். மறுநாள் ஒரு ஸ்டார்: "ஒண்ணுமே செய்யாம பீஸ் வாங்கிட்டார்". மாதக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டு எல்லோருடைய ரேங்க்கையும் காட்டுகிறார்கள். நான் கடைசிக்கு முந்தைய இடம். கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கும் பக்கத்து அறை சீனியருக்கு முதலிடம். நானும் எழுதிக் கொடுத்துவிடட்டுமா? – இளம் டாக்டர்

பதில்: வேண்டாம், தம்பி. (தங்கச்சியாகவும் இருக்கலாம், கடிதத்தில் தெரியவில்லை.)

உங்கள் சந்தேகம் ஆதாரமில்லாதது அல்ல. 2018-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. வீடியோ வழியாக டாக்டரைப் பார்க்கும் ஒரு சேவையில், சளி, சைனஸ், தொண்டை வலி போன்ற மூச்சுப்பாதைத் தொற்றுக்காக நடந்த 8,437 சந்திப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் எழுதிய சந்திப்புகளில் 90.9 சதவீதத்துக்கு ஐந்து ஸ்டார். ஆன்டிபயாடிக் அல்லாத வேறு ஏதாவது மருந்து எழுதியபோது 86. எந்த மருந்தும் எழுதாதபோது 72.5.

இந்த மூன்று எண்களையும் செய்தியாகப் போட்டவர்கள் "ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஸ்டார் கிடைக்கும்" என்று முடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆன்டிபயாடிக்குக்கும் மற்ற மருந்துக்கும் இடையே ஐந்து புள்ளிதான் வித்தியாசம். மற்ற மருந்துக்கும் வெறுங்கைக்கும் இடையேதான் பதின்மூன்றுக்கு மேல். அவர்களுக்குக் கசந்தது ஆன்டிபயாடிக் கிடைக்காததைவிட வெறுங்கையோடு திரும்பியது என்றுதான் நான் படிக்கிறேன். அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு, நேருக்கு நேர் டாக்டரைப் பார்த்த 1,319 சந்திப்புகளைப் பற்றியது. ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பச் சொல்லி மறுத்தால், வலி மருந்து மறுத்தால், ரத்தப் பரிசோதனை மறுத்தால் திருப்தி மார்க் குறைந்தது. ஆன்டிபயாடிக்கை மறுத்ததால் அப்படிக் குறையவில்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 7,800 பொது மருத்துவ நிலையங்களின் கணக்கை ஒப்பிட்டு 2016-ல் வந்த ஆய்வும், ஆன்டிபயாடிக் குறைவாக எழுதும் இடங்களுக்குத் திருப்தி மார்க் சற்றுக் குறைவு என்றுதான் சொன்னது. சரிவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆக, வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். மாத்திரையைச் சொல்லவில்லை. சோதிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "காது சிவக்கலை, நெஞ்சுல சளி இறங்கலை, மூச்சு சீராத்தான் இருக்கு". ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்றால், தான் இருமுவது பொய் என்று டாக்டர் சொல்வதாக அவருக்குக் கேட்கும். நோய்க்கு ஒரு பெயர் கொடுங்கள். எத்தனை நாள் நீடிக்கும் என்று சொல்லுங்கள். இதை நம்மில் பலர் சொல்வதே இல்லை. சாதாரண சளியோடு வரும் இருமல் சராசரியாக 18 நாள் இருக்கும். மக்கள் எதிர்பார்ப்பதோ ஒரு வாரம், கொஞ்சம் கூட. எட்டாம் நாள் இருமும்போது "அந்த டாக்டர் சரியில்லை" என்று தோன்றத்தானே செய்யும்? பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: ராத்திரி தூங்க என்ன செய்யலாம், காய்ச்சலுக்கு என்ன, எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே திரும்பி வர வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். ஆன்டிபயாடிக் எழுத அரை நிமிடம் போதும், எழுதாமல் அனுப்ப எட்டு நிமிடம் வேண்டும். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருக்க அந்த எட்டு நிமிடத்தை உங்களுக்குக் கொடுக்காத நிர்வாகம், திருப்தி மார்க்கை மட்டும் உங்களிடம் கேட்கிறது. என் கோபம் அங்கேதான். உங்கள் சீனியர் மேல் அவ்வளவாக இல்லை.

இனி அந்த ஸ்லைடு. உங்கள் பெயரில் மாதத்துக்கு எத்தனை படிவம் வருகிறது? பன்னிரண்டு என்று வைப்போம். பதினொரு பேர் ஐந்து போட்டு, சளிக்காரர் ஒருவர் மட்டும் ஒன்று போட்டால் உங்கள் சராசரி 4.67. எல்லோரும் 4.6-க்கும் 5-க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற பட்டியலில், அந்த ஒருவர் உங்களை முதலிடத்திலிருந்து கடைசிக்குத் தள்ளிவிடுவார். அடுத்த மாதம் அவர் வராவிட்டால் மறுபடி முதலிடம். உங்கள் வைத்தியம் இரண்டு மாதமும் ஒன்றுதான். கூட்டத்தில் கையைத் தூக்கி, "இது எத்தனை பேர் போட்ட மார்க்?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணிக்கையைச் சொல்ல வேண்டி வந்தால் ஸ்லைடு போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கேள்வி: நோயாளிக்கு மருத்துவத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் போட்ட தையலுக்கு அவர் மார்க் போடுவதா? – ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை நிபுணர்

பதில்: தையலுக்கு அவர் மார்க் போட முடியாதுதான் சார். ஆனால் ராத்திரி பெல் அடித்தபோது யாராவது வந்தார்களா, புது மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னார்களா, கழிப்பறை சுத்தமாக இருந்ததா – இவை அவருக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது. நாம் காலையில் ரவுண்ட்ஸ் போய்விட்டு வந்துவிடுவோம். மிச்ச இருபத்து மூன்று மணி நேரமும் அங்கே கிடந்தவர் அவர்தான். நோயாளிகளிடம் இப்படிக் கருத்துக் கேட்டுத் தரும் பெரிய அமெரிக்க நிறுவனமான 'பிரஸ் கேனி'யை 1985-ல் தொடங்கிய இருவரில் ஒருவர் மானுடவியல் பேராசிரியர், மற்றவர் சமூகவியல் பேராசிரியர். டாக்டர்கள் கேட்காமல் விட்டதைக் கேட்க வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருந்தது.

கேள்வி: திருப்தியான நோயாளிகள்தான் சீக்கிரம் சாகிறார்கள் என்று ஓர் ஆய்வே இருக்கிறதாமே? – கல்லூரி மாணவி

பதில்: இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டது. 51,946 பேரின் விவரம். டாக்டரிடம் மிகவும் திருப்தியாக இருந்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் குறைவாகப் போனார்கள். ஆனால் மருத்துவமனையில் அதிகம் சேர்ந்தார்கள், மருந்துக்கு அதிகம் செலவானது, இறப்பு அபாயமும் மிகக் குறைந்த திருப்தி உள்ளவர்களைவிட 26 சதவீதம் அதிகம். டாக்டர்கள் ஓய்வறையில் இந்த ஆய்வு அப்போது பட்ட பாடு! படிவத்தைப் பிடிக்காதவர்கள் எல்லோரும் இதை நகல் எடுத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இதிலிருந்து "திருப்தி கொல்லும்" என்று சொல்ல முடியாது. கடுமையான நோய் உள்ளவர் டாக்டரை அடிக்கடி பார்ப்பார், அந்த உறவில் பிடிப்பும் வளரும். ஆய்வாளர்கள் உடல்நிலையைக் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள் என்றாலும், இந்த மாதிரிக் கணக்கில் நோயின் முழு எடையும் பிடிபடுவதில்லை. எதிர்த்திசையில் போகும் ஆய்வுகளும் உண்டு. மாரடைப்பு நோயாளிகளைப் பற்றி 2010-ல் வந்த ஒன்றில், திருப்தி மார்க் அதிகமுள்ள மருத்துவமனைகளில் சிகிச்சை நெறிகளைப் பின்பற்றுவதும் அதிகமாக இருந்தது, இறப்பும் குறைவாக இருந்தது. அடுத்த வருடம் வந்த இன்னொன்றில், திருப்தி அதிகமுள்ள இடங்களில் முப்பது நாளுக்குள் மறுபடி வந்து சேர்கிறவர்கள் குறைவு.

மருத்துவமனைகளை ஒப்பிட்ட அந்த இரண்டிலும் திருப்தியும் நல்ல சிகிச்சையும் சேர்ந்தே போகின்றன. தனித்தனி ஆளைப் பார்த்த 2012 ஆய்வில் அவை பிரிகின்றன. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நர்ஸ் எண்ணிக்கை சரியாக உள்ள இடத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். ஓர் அறைக்குள், ஒரு டாக்டருக்கும் ஒரு நோயாளிக்கும் இடையில், நல்லதும் பிடித்ததும் எதிரெதிராக நிற்கும் நாட்கள் உண்டு. தூக்க மாத்திரை இல்லாமல் முடியாது என்ற பெரியவர் ஒருவருக்கு, இரண்டு முறை பாத்ரூமில் விழுந்திருந்ததால், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னேன். மகன் எழுதிய கருத்து: "மருந்து கேட்டுப் போனால் பிரசங்கம் கிடைத்தது". அந்தக் கருத்து பொய்யில்லை. பிரசங்கம்தான் செய்தேன், அதையேதான் மறுபடியும் செய்வேன்.

கேள்வி: ஆன்லைனில் ஸ்டார் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாமா? – குடும்பத் தலைவி

பதில்: டாக்டர் பேசுவாரா, காக்க வைப்பாரா என்று தெரிந்துகொள்ளலாம். கை எப்படி என்று தெரியாது. ஆபரேஷன் என்றால், தியேட்டரில் வேலை செய்யும் நர்ஸ்கள் தங்கள் வீட்டாரை யாரிடம் அனுப்புகிறார்கள் என்று விசாரியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் அத்தனை பேர் வலி மருந்துக்கு அடிமையானதற்கு இந்தத் திருப்திக் கணக்கெடுப்புதான் காரணம் என்று ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டேன். உண்மையா? – மருந்தாளுநர்

பதில்: பழி முழுவதையும் படிவத்தின் மேல் போடுவது சிலருக்கு வசதி. தேதிகளைப் பாருங்கள். 'வலியையும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் மாதிரி ஐந்தாவது அளவீடாகக் குறிக்க வேண்டும்' என்ற பிரசாரம் அங்கே 1990-களின் நடுவில் தொடங்கியது. ஓபியாய்டு வகை வலி மருந்தான ஆக்ஸிகான்டின் மாத்திரை 1996-ல் சந்தைக்கு வந்தது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு வலி மேலாண்மைக்கான தர விதிகளை 2001-ல் அமலாக்கியது. அடிமையாகும் ஆபத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்றதற்காக அந்த மாத்திரையின் தயாரிப்பாளரான பர்டூ நிறுவனம் 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இந்த வகை மருந்துச் சீட்டுகளின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 2012-ல். ஒரே வருடத்தில் 25 கோடிக்கும் மேல். மெடிகேர் தன் கணக்கெடுப்பு மார்க்கை மருத்துவமனைக்குத் தரும் பணத்தோடு முடிச்சுப் போட்டது அதே 2012 அக்டோபரில்தான். அதாவது, ஏற வேண்டியதெல்லாம் ஏறிய பிறகு.

அதற்காகப் படிவம் நிரபராதி என்றும் சொல்ல மாட்டேன். அதில் இருந்த ஒரு கேள்வி: உங்கள் வலிக்கு உதவ ஊழியர்கள் தங்களால் முடிந்த எல்லாவற்றையும் எத்தனை முறை செய்தார்கள்? பதில்கள் நான்கு: ஒருபோதும் இல்லை, சில நேரம், பெரும்பாலும், எப்போதும். வெளியிடும் மதிப்பெண்ணில் 'எப்போதும்' என்பதற்குத்தான் மதிப்பு. எலும்பு முறிந்து வந்தவரோ, ஏற்கெனவே அடிமையாகி வந்தவரோ, இருவரிடமும் ஒரே கேள்வி. 'முடிந்த எல்லாம்' என்பதை இரவு இரண்டு மணிக்கு ஒரு டியூட்டி டாக்டர் எப்படிப் புரிந்துகொள்வார்? டாக்டர்கள் கத்திக் கத்தி, கடைசியில் 2016-ல் மெடிகேர் அந்தக் கேள்விகளைப் பணக் கணக்கிலிருந்து எடுக்க முடிவு செய்தது. மார்க்குக்காக மருந்து எழுதியதற்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் அப்படி ஓர் அழுத்தம் இருப்பதாக டாக்டர்கள் நினைப்பதற்கே இடம் வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். 'வலியைப் பற்றி உங்களிடம் பேசினார்களா?' என்று கேள்வியை மாற்றிப் பார்த்தார்கள். 2019-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

முதலில் எடுத்தது சரி. இரண்டாவதாக எடுத்தது எனக்கு உறுத்துகிறது. வலியைப் பற்றிப் பேசினார்களா என்று கேட்பதில் என்ன கெடுதல்? ஆபரேஷன் முடிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்களும் உண்டு. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

கேள்வி: டாக்டர்கள் நோயாளியின் கட்டில் அருகே உட்கார்ந்து பேச வேண்டும், பெயர் சொல்லி அழைக்க வேண்டும், கிளம்பும் முன் "வேறு ஏதாவது கேட்கணுமா?" என்று கேட்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். மார்க்குக்காகச் செய்யும் நடிப்புதானே இது? – வார்டு நர்ஸ்

பதில்: நடிப்பாகவே இருக்கட்டும் சிஸ்டர், உட்காரட்டும். இந்தப் படிவங்களால் விளைந்த நன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் நாற்காலியைத்தான் சொல்வேன்.

கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆன 120 பேரிடம் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். 2012-ல் வெளியானது. அறுவை நிபுணர் சிலரிடம் நின்றபடி பேசினார், சிலரிடம் உட்கார்ந்து பேசினார். நின்றபோது உண்மையில் எடுத்த நேரம் சராசரி 1 நிமிடம் 28 நொடி. நோயாளிகளுக்குத் தோன்றியது 3 நிமிடம் 44 நொடி. உட்கார்ந்தபோது எடுத்தது 1 நிமிடம் 2 நொடிதான், தோன்றியதோ 5 நிமிடம் 14 நொடி! குறைவாக இருந்துவிட்டு அதிகமாக இருந்த பெயர். பிறகு 2023 கடைசியில் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் எளிமையானது. டாக்டர்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், நோயாளியைப் பார்த்தபடி போட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். அப்படி இருந்த அறைகளில் 63 சதவீதச் சந்திப்புகளில் டாக்டர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலி வழக்கமான மூலையில் கிடந்த அறைகளில் 8 சதவீதம். உங்கள் மருத்துவமனை பயிற்சி வகுப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் நாற்காலி வாங்கலாம். இருக்கிற நாற்காலிகளில் ஊசிமருந்து டிரேயும் சொந்தக்காரர்களின் பைகளும் இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

உட்கார்ந்த பிறகு வாயை மூடிக்கொள்வது அடுத்த கட்டம். 1984-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். தன் குறையை நோயாளி சொல்லி முடிக்க முடிந்தது 17-ல் மட்டும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் டாக்டர் சராசரியாக 18 நொடியில் குறுக்கே பாய்ந்துவிட்டார். 1997-ல் வந்த இன்னோர் ஆய்வில், நோயாளிகள் தொடுத்த வழக்குகளைச் சந்திக்காத பொது மருத்துவர்கள், அப்படிச் சந்தித்தவர்களைவிட ஒவ்வொரு நோயாளியிடமும் மூன்று நிமிடத்துக்கும் சற்று அதிகமாகச் செலவழித்தார்கள், கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கவும் செய்தார்கள். நோயாளி சொல்லி முடித்தால் நோயும் சீக்கிரம் பிடிபடும் என்பது எங்கள் ஆசிரியர்கள் அடித்துச் சொன்னது. மார்க்குக்குப் பயந்து ஒரு டாக்டர் அதைச் செய்தால்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: என் மகள் டாக்டர். "திமிர் பிடித்தவள், மனிதத்தன்மை இல்லை" என்று எவரோ எழுதியதை மருத்துவமனையே அவளுக்கு ஈமெயிலில் அனுப்பியிருக்கிறது. இரவெல்லாம் தூங்கவில்லை, வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறாள். எப்படித் தேற்றுவது? – ஒரு தாய்

பதில்: அவள் மட்டும் இல்லை அம்மா. அமெரிக்காவில் 2014-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 155 டாக்டர்களைக் கேட்டார்கள். இந்தக் கணக்கெடுப்புகள் தங்கள் வேலைத் திருப்தியை ஓரளவோ கடுமையாகவோ பாதிப்பதாகச் சொன்னவர்கள் 78 சதவீதம். வேலையையோ தொழிலையோ விட்டுவிட யோசித்ததாகச் சொன்னவர்கள் 28 சதவீதம். மனக்கசப்பு உள்ளவர்கள்தான் இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஓடிவந்து பதில் சொல்வார்கள், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கசப்பு பொய்யில்லை.

பெண் டாக்டருக்கு இதில் கூடுதல் பங்கு கிடைக்கும். எனக்கும் என்னோடு வேலை பார்த்த ஆண் டாக்டருக்கும் வந்த கருத்துகளை அருகருகே வைத்துப் படித்திருக்கிறேன். அவர் சிகரெட்டை விடச் சொன்னால் "ஸ்ட்ரிக்டான டாக்டர்". நான் சொன்னால் "எரிந்து விழுகிறார்".

மகளிடம் மூன்று மாதக் கருத்துகளையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அவளுக்கு நம்பிக்கையுள்ள மூத்த டாக்டர் ஒருவர் முதலில் படிக்கட்டும். ஒரே குறையை மூன்று பேர் சொல்லியிருந்தால் அது அவளுக்கான செய்தி. ஒருவர் மட்டும் திட்டியிருந்தால், அன்றைக்கு அவர் எதைக் கேட்டு எது மறுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் காத்திருந்தார், என்ன செய்தியைக் கேட்டுவிட்டு வெளியே போனார் என்று பார்க்க வேண்டும். புற்றுநோய் என்று சொன்ன வாயை யாருக்குப் பிடிக்கும்? மருத்துவமனைக்கு நான் சொல்வது வேறு: வசையை வடிகட்டாமல் ராத்திரி ஈமெயிலில் அனுப்புகிறவர்கள், தாங்கள் பொறுப்பாகவே நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அடுத்த ஆண்டு முதல் எங்கள் டாக்டர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்தி மதிப்பெண்ணோடு இணைக்கப் போகிறோம். நியாயமாகச் செய்ய வழி சொல்லுங்கள். – மருத்துவமனை நிர்வாகி

பதில்: செய்யாமல் இருப்பதுதான் வழி. அமெரிக்காவை உதாரணம் காட்டுவீர்கள், தெரியும். அங்கே மெடிகேர் பிடித்துவைப்பது மருத்துவமனை முழுவதற்குமான தொகையில் 2 சதவீதம். தரமான சிகிச்சைக்கென்று பிரித்துத் தரும் அந்தத் தொகையில் நோயாளியின் அனுபவத்துக்கு உள்ள பங்கு கால்வாசிதான். மருத்துவமனைகளை ஒப்பிடுவதற்கு முன் நோயாளியின் வயது, படிப்பு, தன் உடல்நிலையைப் பற்றி அவரே என்ன நினைக்கிறார், வந்தது பிரசவத்துக்கா ஆபரேஷனுக்கா என்பதையெல்லாம் கணக்கிட்டுச் சரிசெய்கிறார்கள். வயதானவர்கள் தாராளமாகப் போடுவார்கள், அதிகம் படித்தவர்கள் கை இறுக்கம், பிரசவ வார்டில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள் – இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவ்வளவையும் செய்து, மருத்துவமனைக்கு என்று வாங்கிய மார்க்கைத்தான் பல நிர்வாகங்கள் தனி டாக்டரின் சம்பளத்தில் கொண்டுபோய்ப் போட்டன. உங்களிடம் அந்தச் சரிசெய்தல் ஏதாவது உண்டா? எமர்ஜென்சியில் குடிபோதையில் வந்தவருக்குத் தையல் போட்டவரையும், பிரசவம் பார்த்தவரையும் ஒரே பட்டியலில் வைக்கப் போகிறீர்கள்.

வைத்தால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். கஷ்டமான நோயாளியை வேறு டாக்டரிடம் தள்ளிவிடுவார்கள். எடையைக் குறைக்கச் சொல்வது, குடியை நிறுத்தச் சொல்வது, வண்டி ஓட்டக் கூடாது என்பது, எல்லாம் மெல்ல மறைந்துபோகும். தேவையில்லாத ஸ்கேனுக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்; உங்களுக்கு அதில் வருமானமும் உண்டு என்பதால் நீங்களும் கவனிக்க மாட்டீர்கள்.

பணத்தைத் தொடாமல் செய்ய நிறைய இருக்கிறது. 'திருப்தியா?' என்று கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். புதிய மருந்து தரும் முன் அது எதற்கு என்று சொன்னார்களா? உங்களுக்குப் புரியும்படி டாக்டர் விளக்கினாரா? வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்களா? இதற்குப் பதில் சொல்ல யாரையும் பிடிக்கவோ பிடிக்காமல் போகவோ வேண்டாம். இங்கிலாந்தில் 2009 முதல் இன்னொன்றும் செய்தார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்களிடம் ஆபரேஷனுக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்: எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, மாடிப்படி ஏற முடிகிறதா, ராத்திரி வலியால் விழிப்பு வருகிறதா. எங்கள் சர்ஜன் நண்பர்கள் மேலே கோபித்தார்களே, "என் தையலுக்கு நோயாளி மார்க்கா" என்று – இந்தக் கேள்விகளுக்கு அவர்களும் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: கருத்துப் பகுதியில் எழுதுவதை யாராவது படிக்கிறார்களா? எப்படி எழுதினால் பயன்படும்? – பல முறை எழுதிப் பார்த்தவர்

பதில்: நாங்கள் படித்தோம். எண்களைவிட அதைத்தான் படித்தோம். "கவனிப்பு சரியில்லை" என்று எழுதினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. "ராத்திரி இரண்டு மணிக்கு பெல் அடித்தேன், மூன்று மணிக்குத்தான் வந்தார்கள்" என்றால் அந்த வாரத்து நைட் டியூட்டி அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் புது மாத்திரைகள் இருக்கின்றன, பழையதை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியவில்லை என்று வேறு வேறு வார்டுகளிலிருந்து திரும்பத் திரும்ப எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் 'நிறுத்த வேண்டியவை' என்று தனிக் கட்டம் போட்டு அச்சடித்தோம். டாக்டர்கள் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

பில் மேல் உள்ள கோபத்தை பில் பற்றிய கேள்வியிலேயே கொட்டிவிடுங்கள். டாக்டர் கேள்விக்குக் கொண்டுவராதீர்கள். டாக்டர் மேல் குறை என்றால் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், அதற்கு நீங்கள் வைத்த பெயரை அல்ல. நன்றாகப் பார்த்துக்கொண்டவர்களையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் எந்த வார்டு, எந்த ஷிப்ட் என்று போட்டால் போதும், நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.